வண்ணத்துக்கு அடியில் இருப்பவர்கள்

கற்பனைக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் வரும் ஏரிக்கரை வணிக நகரங்களுக்கு வரைபடம் போடுவது எளிது. படகுத்துறையை ஒட்டிச் சந்தை, பாலத்துக்கு அப்பால் கொல்லர் தெரு, அதற்கடுத்துச் சாயக்காரர் தெரு, மேட்டில் அரண்மனை. தெருவுக்கொரு தொழில் என்று பிரித்துவிட்டால் நகரத்துக்கு வரலாறு வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையிலேயே அப்படி வளர்ந்த நகரம் ஸ்ரீநகர். ஆனால் அதன் பழைய பகுதிக்குள் போய்ப் பட்டறை பட்டறையாகப் பார்த்தால், தெருவுக்கொரு தொழில் என்ற கணக்கு பாதி உண்மைதான் என்பது தெரியும். ஒரு பொருளை ஒரு தெரு செய்வதில்லை. பல வீடுகள் பங்குபோட்டுச் செய்கின்றன. அந்தப் பங்காளிகளில் சிலர் பொருளின் மேல்பரப்பில் தெரிகிறார்கள். சிலர் அடியில் மறைந்து போகிறார்கள். கைத்தொழில் அழிகிறது என்று நாம் கவலைப்படும்போதெல்லாம் மேலே தெரிகிறவரைப் பற்றியே கவலைப்படுகிறோம். ஆனால் அழிவு தொடங்குவது அடியிலிருந்து. ஸ்ரீநகரின் காகிதக்கூழ்க் கலையைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்.

நகரத்தின் அமைப்பைச் சொல்லாமல் தொழிலைச் சொல்ல முடியாது. ஜீலம் ஆறு நகரின் நடுவே வளைந்து போகிறது. அமீரா கதல், ஹப்பா கதல், ஃபதே கதல், ஜைனா கதல், ஆலி கதல், நவா கதல், சஃபா கதல் என்ற ஏழு பழைய பாலங்களின் பெயரிலேயே பேட்டைகளும் அறியப்படுகின்றன. கிழக்கே தால் ஏரி. ஏரியையும் நகரின் உட்பகுதியையும் மார் என்ற கால்வாய் இணைத்திருந்தது. 1970களில் அதைத் தூர்த்துச் சாலையாக்கிவிட்டார்கள். ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள சஃபா கதல் பக்கம் யார்க்கந்திலிருந்து லே வழியாக வந்த வணிகர்கள் தங்கும் சத்திரம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன், சமர்கந்த் வட்டாரத்துக் கைவினைஞர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பது பட்டறைகளில் இன்றும் சொல்லப்படும் வரலாறு. காகிதம் செய்யும் தொழில் நௌஷேரா பகுதியில் வேரூன்றியதும் அவர் காலத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. காகிதம் இருந்த ஊரில் காகிதக்கூழ்த் தொழிலும் வளர்ந்ததில் வியப்பில்லை. பேனா வைக்கும் பெட்டிகளில் தொடங்கியதால் அதற்கு முதலில் 'கார்-இ-கலம்தானி' என்றே பெயர்.

இன்று இந்தத் தொழில் பெரும்பாலும் ஜடிபல், ஹசனாபாத், லால் பஜார், கமான்கர்போரா போன்ற பேட்டைகளில் நடக்கிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம் குடும்பத்தினர். வேலை இரண்டு பெரிய கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. உருவம் செய்கிறவர் சக்த்ஸாஸ், வண்ணம் தீட்டுகிறவர் நக்காஷ். சக்த்ஸாஸின் வேலையில் அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. கழிவுக் காகிதத்தைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, கல் உரலில் இட்டு, நார் தெரியாதபடி இடிக்கிறார். அரிசிக் கஞ்சிப் பசையைச் சேர்த்துப் பிசைகிறார். அதை மர அச்சின்மேல் சீராக அப்பிக் காயவிடுகிறார். அப்பிய கூழ் எங்கும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்தால் அந்த இடம் பின்னால் குழிவிழும். காய்ந்தபின் மெல்லிய ரம்பத்தால் உருவத்தை இரண்டாக அறுத்து அச்சிலிருந்து கழற்றுகிறார். இரண்டு பாதிகளையும் வச்சிரம் போட்டு மறுபடி ஒட்டுகிறார். ஒட்டிய கோட்டை அரத்தால் தேய்க்கத் தேய்க்க அது மறைந்துகொண்டே வருகிறது. அறுத்த இடம் எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாத நிலை வரும்போதுதான் அவர் வேலை முடிகிறது. தன் வேலையின் சுவடே தெரியாமல் செய்வதுதான் இவருடைய திறமை. இவருக்குக் கிடைக்கும் கூலியையும் மதிப்பையும் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அதற்குமேல் வெள்ளைப் பூச்சு, மெல்லிய தாள், மறுபடி தேய்ப்பு என்று பரப்பைத் தயார்செய்த பின்னரே நக்காஷின் தூரிகை இறங்குகிறது. பின்னணி நிறத்தின்மேல் பென்சில் கோடுகூட இல்லாமல் நேரடியாகப் பூ வரைகிறவர்களைப் பார்க்கலாம். பூவுக்குள் பூ அடுக்கும் 'குல் அந்தர் குல்', பரப்பு முழுக்கச் சிறு பூக்களால் நிரப்பும் 'ஹஸாரா', சினார் இலை, மீன்கொத்தி என்று ஒவ்வொருவருக்கும் கைவந்த உருக்கள் உண்டு. தேவைப்பட்டால் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். கடைசியில் வார்னிஷ். கடையில் வாங்குகிறவர் கையிலெடுத்துப் பார்ப்பது இந்தக் கடைசி அடுக்கைத்தான். விளம்பரப் படங்களிலும் ஆவணப் படங்களிலும் வருவது நக்காஷின் கைதான். மாநில, தேசிய விருதுகளும் பெரும்பாலும் அந்தக் கையைத் தேடியே வருகின்றன. அது தகுதியில்லாத மதிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மதிப்பு ஒருபக்கமாகவே பாய்வதால் என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி.

நடப்பது இதுதான். பட்டறைகளில் வண்ணத்துக்காகக் காத்திருக்கும் பெட்டிகளை எடுத்துப் பார்த்தால், பலவற்றின் அடியில் காகிதக்கூழ் இல்லை. அட்டை, எம்டிஎஃப் பலகை, கடைசல் மரம் ஆகியவை இருக்கின்றன. காரணம் எளிமையானது. கூழ் உருவம் காய வெயில் வேண்டும், நாள் வேண்டும், பொறுமை வேண்டும். குளிர்காலத்தில் காய்வதற்கு இரட்டிப்பு நேரம். அட்டைப் பெட்டி நூறு வேண்டுமென்றால் மறுநாளே வந்துவிடும். வாங்குகிறவருக்கோ வித்தியாசம் தெரியாது. ஆக, செலவைக் குறைக்க வேண்டும் என்று ஏற்றுமதியாளர் நினைத்தவுடன் முதலில் வெட்டக்கூடியது யாருடைய கூலி? யாருடைய வேலை கண்ணுக்குத் தெரியவில்லையோ அவருடையது. நக்காஷின் பிள்ளைகளாவது தூரிகை பிடித்துப் பார்க்கிறார்கள். உரலடிக்குப் பிள்ளைகள் வருவதில்லை. பூ வரைவதை ஓவியப் பள்ளியிலும் கற்றுக்கொள்ளலாம். கூழின் ஈரப்பதத்தை விரலால் அறிவதைச் சொல்லிக்கொடுக்க உரலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடியில் மரம் இருந்தால் என்ன குறைந்துவிட்டது? நகரின் பழைய வழிபாட்டிடமான கான்கா-இ-மௌலாவின் உட்சுவர்களிலும் கூரையிலும் இதே மரபு வண்ண வேலை மரப்பலகையின்மேல்தானே செய்யப்பட்டிருக்கிறது? முன்னோரே மரத்தில் தீட்டியிருக்கும்போது காகிதக்கூழை மட்டும் புனிதமாக்குவது ஏன்? கேள்வி நியாயமானது. காகிதக்கூழுக்குச் சில நன்மைகள் உண்டு. எடை குறைவு. ஈரத்துக்கு மரம்போல் உப்பிச் சுருங்குவதில்லை. குடுவை, முட்டை, கிண்ணம் போன்ற வளைவுகள் பலகையில் அமையாது. ஆனால் என் வாதம் இந்த நன்மைகளைச் சார்ந்ததல்ல. கான்காவின் கூரையைப் பார்க்கிறவருக்கு அது மரம் என்று தெரியும். அந்த மரவேலை தனக்கென ஒரு பெயரோடு மதிக்கப்பட்டது. யாரும் யாரையும் மறைக்கவில்லை. இன்றைய பெட்டியில் ஒரு பொருள் இன்னொரு பொருளின் பெயரில் விற்கப்படுகிறது. மரத்தின்மேல் நக்காஷ் வேலை என்று சொல்லி விற்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. காகிதக்கூழ் என்று சொல்லிவிட்டு அட்டையை விற்கும்போது, உண்மையில் கூழ் இடிக்கிறவர் அட்டையின் விலையோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் அவர் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. பேட்டை, பங்காளி வீடுகள் என்றெல்லாம் உருகுகிறீர்களே, அந்த அமைப்பு உழைப்பாளியைக் கசக்கிப் பிழிந்த அமைப்பல்லவா? ஆமாம். அதற்குச் சால்வைத் தொழிலைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1846 அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில் மகாராஜா குலாப் சிங் ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய கப்பத்தில் மூன்று ஜோடி காஷ்மீர்ச் சால்வைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பெருமையின் மறுபக்கம் 'தாக் ஷால்' என்ற வரித்துறை. சால்வைக்கு முத்திரை குத்தி வசூலிக்கும் இந்தத் துறையின் கெடுபிடியில் நெசவாளி ஊரைவிட்டுப் போகவும் முடியாது, தறியைவிட்டு இறங்கவும் முடியாது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஜல்டகரில் நெசவாளர்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டியபோது படை ஏவப்பட்டது. பலர் கால்வாயில் விழுந்து மாண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் மூண்ட போரால் பிரெஞ்சுச் சந்தை விழுந்தது. 1877இல் தொடங்கிய பஞ்சம் மீதியையும் தின்றது.

இந்த வரலாற்றை மறைத்துவிட்டு யாரும் பழைய நகரத்தின் அழகைப் பேச முடியாது. ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், அக்கம்பக்கமாக வேலை செய்வது தீங்கு என்பதல்ல. வரிக்காரன் எளிதாகக் கணக்கெடுத்ததும் அவர்கள் ஓரிடத்தில் இருந்ததால்தான். ஒன்றுகூடி எதிர்த்ததும் ஓரிடத்தில் இருந்ததால்தான். கொடுமை பேட்டையில் இல்லை. முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் முதலாளியிடமும் முத்திரை குத்தும் அதிகாரியிடமும் விலையை முடிவுசெய்யும் உரிமை முழுவதும் இருந்ததில் இருந்தது. ஆக, கேட்க வேண்டியது பேட்டையைக் கலைப்பதா காப்பதா என்றல்ல. சங்கிலியின் எந்தக் கண்ணியில் இருப்பவருக்கு விலையைப் பற்றிப் பேச வாய்ப்பு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே நகரில் செம்புப் பாத்திரத் தொழில் இருக்கிறது. அதுவும் ஒருவர் வேலை அல்ல. பாத்திரம் அடிக்கிறவர், செதுக்குகிறவர், மெருகேற்றுகிறவர் என்று கைமாறிக் கைமாறி முடிகிறது. இயந்திரப் பாத்திரம் அங்கும் புகுந்தது. குறிப்பிட்ட சில செம்புப் பாத்திரங்களை இயந்திரத்தில் செய்யக் கூடாது என்று 2006இல் மாநிலம் சட்டமே போட்டது. ஆனால் சட்டத்தைவிட அந்தத் தொழிலைத் தாங்குவது உள்ளூர்க் கல்யாணம் என்றே நான் நினைக்கிறேன். வாஸ்வான் விருந்துக்குத் தட்டு, கை கழுவும் கெண்டி, சமோவார் எல்லாம் செம்பில் வேண்டும். வாங்குகிறவர் எடைபோட்டுப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், செதுக்கல் ஆழத்தைப் பார்க்கிறார். எந்தக் கை எங்கே ஏமாற்றியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். காகிதக்கூழ்ப் பொருளின் வாடிக்கையாளர் தூரத்தில் இருக்கிறார். ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் உருண்டைகளும் மணிகளும் ஜடிபலின் ஷியா வீடுகளிலிருந்து போகின்றன. அவற்றை வாங்குகிறவர் உரலைப் பார்த்ததே இல்லை. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் இருக்கும் தொழிலில் மறைந்திருக்கும் கையும் பிழைக்கிறது என்பதுதான் செம்பு சொல்லும் செய்தி.

தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு விவரம் சொல்லத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பார்கள். ஸ்ரீநகருக்குப் பட்டங்களுக்கும் குறைவில்லை. 2021இல் யுனெஸ்கோவின் படைப்பு நகரங்கள் பட்டியல், 2024இல் உலகக் கைவினைக் கவுன்சிலின் கைவினை நகரம் என்ற சிறப்பு. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குறியீடு எதைச் சோதிக்கிறது என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. பஷ்மினாவுக்கான முத்திரை ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை. இழை எவ்வளவு மெல்லியது, நூல் கையால் நூற்றதா, துணி கையால் நெய்ததா என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே ஒட்டப்படுகிறது. வீட்டுக்குள் 'யெந்தர்' என்ற ராட்டையில் நூற்கும் பெண்தான் பஷ்மினாவின் கண்ணுக்குத் தெரியாத முதல் கண்ணி. முத்திரை அவளைத் தேடிப் போகிறது. அவள் கூலி அதனால் போதுமான அளவுக்கு உயர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இல்லாமல் முத்திரை இல்லை என்ற நிலையாவது உருவாகியிருக்கிறது. காகிதக்கூழுக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேபோல எளிமையானது: அடியில் என்ன?

கடைசி மறுப்புதான் கனமானது. இந்த வேலைக்கு இளைஞர்கள் வராவிட்டால் அது அவர்கள் உரிமை. தாத்தா உரலடித்தார் என்பதற்காகப் பேரனும் அடிக்க வேண்டுமா? கூடாது. தொழிலைக் காப்பது என்ற பெயரில் யாரையும் துண்டுக்கூலியில் கட்டிப்போடும் உரிமை அரசுக்கும் இல்லை, பயணிக்கும் இல்லை, கட்டுரை எழுதுகிற எனக்கும் இல்லை. ஆனால் விட்டுப் போகிறவர் தொழிலை வெறுத்துப் போகிறாரா, கூலி கட்டுப்படியாகாமல் போகிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டறைப் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது இரண்டாவது காரணம்தான். கூழ் உருவத்துக்கும் அட்டை உருவத்துக்கும் ஒரே விலை என்று சந்தை சொல்லும்வரை, இளைஞர் விலகுவதை விருப்பம் என்று சொல்வது நியாயமாகாது. விலை பிரிந்த பிறகும் ஒருவர் விலகினால் அதுதான் விருப்பம்.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. அடியில் இருப்பது கூழா, அட்டையா, மரமா என்று பொருளின்மேலேயே எழுதச் செய்யலாம். உருவம் செய்தவரின் பெயரும் வண்ணம் தீட்டியவரின் பெயரும் சேர்ந்தே போகலாம். விருதுகளையும் பயிற்சி உதவித்தொகையையும் சக்த்ஸாஸுக்கும் சமமாக வைக்கலாம். அரசு இதைச் செய்யும்வரை வாங்குகிறவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தப் பெட்டிகள் மாமல்லபுரத்திலும் கொடைக்கானலிலும் உள்ள காஷ்மீர்க் கடைகளில் நம் கைக்கே வருகின்றன. மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள், கையில் எடை பாருங்கள், எதில் செய்தது என்று கேளுங்கள். கடைக்காரரிடம் பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். மொத்த வியாபாரி கேட்டால் அந்தக் கேள்வி ஜடிபல்வரை போகும். அங்கே அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் சக்த்ஸாஸ். பதில் சொல்ல அவர் தேவைப்படும்போது, விலை பேசவும் அவருக்கு இடம் கிடைக்கும்.