ஸ்டியரிங் கியரும் ஒரு தேய்ந்த புஷ்ஷும்

பழைய அம்பாசடரில் கியர் சரியாக விழவில்லை என்றாலே, "பாக்ஸை இறக்கிடலாம் சார்" என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஸ்டியரிங் கியர் வண்டியில் லிவர் கைப்பக்கம், கியர்பாக்ஸ் காலுக்குக் கீழே. நடுவில் ராடும் புஷ்ஷுமாக நீண்ட வழி. ஒவ்வொரு மூட்டிலும் துளித் தேய்மானம் இருந்தாலும், கைக்கு வரும்போது அது விரலளவு ஆட்டமாகிவிடும்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து லிவரை ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒரு ராடு அசைந்தும் அடுத்தது சும்மா நிற்கிறதா? அந்த மூட்டில் புஷ் போயிருக்கிறது. அதை மாற்றாமல் அட்ஜஸ்ட் செய்வது தண்டம் (கூலி மட்டும் கரெக்டாக வாங்கிவிடுவார்கள்). இன்று விழும், கொஞ்ச நாளில் ஃபர்ஸ்ட் போட்டால் தேர்ட் விழும்.

புஷ் மாற்றியதும் நியூட்ரலில் வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ராடு நுனியை அரைச் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இணைப்புப் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் நீளம் சரி. சுத்தியலைத் தேடினால் சரியில்லை.

உத்தர்பாரா ஆலையில் 2014-லேயே அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் என்ன? சென்னை புதுப்பேட்டையில் புஷ்ஷைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தேய்ந்ததை லேத்துக்கு எடுத்துப் போனால், பித்தளையில் கடைந்து தருவார்கள்.