பின்னிருக்கையில் யார்?

அன்புள்ள கண்ணம்மா,

வசந்தம் வந்ததும் கிளைடர் கிளப்பில் சேரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்துவிட்டது. ஜெர்மனியில் தனியாகக் கார் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். தனியாகக் கிளைடரில் பறக்க 14 போதும். உன் வயதில் யாரும் இதைவிடப் பெரிய பொறுப்பை உன்னிடம் தரமாட்டார்கள். எந்தக் கிளப் என்று கேட்டாயே, அங்கே என்ன கிளைடர் நிற்கிறது என்று பார். பின்னிருக்கையில் யார் உட்காருகிறார் என்பதை அதைவிடக் கவனமாகப் பார்.

ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் 1920-இல் முதல் கிளைடர் போட்டி நடந்த காலத்தில், கற்றுக்கொடுப்பவர் கூட ஏறும் வழக்கமில்லை. பின்னால் வந்த எஸ்ஜி 38 பயிற்சிக் கிளைடருக்கும் ஒரே இருக்கைதான். ரப்பர் கயிற்றை இழுத்துச் சரிவில் விடுவார்கள். மாணவன் முதல் நாளே தனி ஆள். அவன் இறங்கிய பிறகுதான் ஆசிரியரால் திருத்த முடியும். இரண்டு இருக்கை வந்த பிறகு, பிழை நடக்கும் நொடியிலேயே ஆசிரியர் கூட இருக்க முடிந்தது. ஆனால் அவர் பொறுமையில்லாதவர் என்றால் ஸ்டிக்கை விடவே மாட்டார். கிளைடர் அழகாகத் திரும்பும். திருப்பியது நீயா அவரா என்று உனக்கே தெரியாது. நடை பழகும் பிள்ளையின் பின்னால், தொடாமல் கையை நீட்டிக்கொண்டே வருவாள் பார் ஒரு தாய், அப்படிப்பட்டவர் வேண்டும் உனக்கு.

கிளைடர்களில் நீ அதிகம் பார்க்கப்போவது ஏஎஸ்கே 21. வாசர்குப்பேயின் அடிவாரத்துப் பாப்பன்ஹவுசனில் ஷ்லைஷர் நிறுவனம் செய்வது. 1979-இல் முதலில் பறந்தது. கண்ணாடியிழை உடல், 17 மீட்டர் இறக்கை. காற்று அசையாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரம் இருந்தால் ஏறக்குறைய 34 கிலோமீட்டர் போகும். தொடங்க இதைவிட நல்லதை நான் சொல்லமாட்டேன். ஒரு குறை மட்டும் உண்டு: அது மிகவும் சாது. வேகம் குறைந்து கிளைடர் சுழன்றபடி விழுவதை ஸ்பின் என்பார்கள். வாலில் எடை கட்டாமல் ஏஎஸ்கே 21-ஐ ஸ்பின்னுக்குள் கொண்டுபோவதே சிரமம். அதனால் இதில் மட்டுமே பழகியவர்கள் எல்லாக் கிளைடரும் இப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். போலந்தின் புகாச் கிளைடர் அப்படியில்லை, கேட்டால் உடனே சுழலும். போதிய உயரத்தில், ஸ்பின் கற்றுத்தரத் தெரிந்த ஒருவரோடு அதையும் நீ பார்த்தே ஆக வேண்டும். தனியாக ஏறுவதற்கு முன் பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

பழைய கிளைடர் என்றால் அதன் பதிவேட்டைக் காட்டச் சொல். 2010-இல் ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக் எல்-13, உலோகம் களைத்துப்போய், பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தது. இரண்டு உயிர் போயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி தந்த அந்த வகையை அதன்பின் உலகம் முழுவதும் தரையில் நிறுத்தினார்கள்.

ஆசிரியராக வர, தலைமை விமானியாக 100 மணி நேரமும் 200 ஏற்றங்களும் வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. அதன்பின்னும் அவர் புத்தாக்கப் பயிற்சிக்குப் போக வேண்டும், ஒன்பது ஆண்டுக்குள் ஒருமுறையாவது இன்னொரு ஆசிரியர் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகள். கிளப் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் வார விடுமுறையைத் தருகிறவர்கள்; அந்த மரியாதையை மறக்காதே. அதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் இருக்காதே. கிளைடரை இழுத்து மேலேற்றும் வின்ச் கயிறு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று எத்தனை முறை பழக்குகிறீர்கள்? உங்களை யார், எப்போது சோதித்தார்? நல்லவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முதல் முறை போகும்போது பறக்கக் கேட்காதே. வின்ச் கயிறுகளிலிருந்து விலகி, அவர்கள் காட்டும் இடத்தில் நின்று, இறங்கியவர்கள் பேசுவதைக் கேள். கண்ணாடி மூடியைத் திறந்ததும் மாணவரிடம் "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை வாய் திறக்காமல் இருக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால், அவருடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா