உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்

சான்றிதழ் வாங்கிய ரைடிங் ஜாக்கெட்டில் தையல்காரன் கை வைத்தால் அது கெட்டுப்போய்விடும் என்று இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. ஏற்காடு, கல்வராயன் மலை என்று பைக்கில் கூட்டமாகப் போகிற பிள்ளைகள் என் கடை வாசலில் நின்றுகொண்டே இதைச் சொல்கிறார்கள். ஜிப்புக்கு ரன்னர் போட மட்டும் நான் வேண்டும். முழங்கைப் பேட் ஏன் மணிக்கட்டுப் பக்கம் இறங்கி நிற்கிறது என்று கேட்டால், "சைஸ் சார்ட் பாத்துத்தாண்ணே வாங்கினேன்" என்று பதில் வருகிறது.

முண்டியம்பாக்கத்தில் சர்வீஸ் ரோட்டோரம் கடை. சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே. போர்டில் 'சீட் கவர்' என்றுதான் இருக்கும். தார்ப்பாய், ஸ்கூல் பேக், ரெக்ஸின் வேலை எல்லாம் உண்டு. ஆனால் நான் தொழில் கற்றது பல்லாவரத்துப் பக்கம், தோல் உடுப்பு ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில். பக்கத்து ஊருக்கே குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது; அந்தப் பகுதியில் தோல் வேலை அவ்வளவு பழசு. ஜெர்மனிக்காரன் பைக்கில் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட்டைத் தைத்துவிட்டு, சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனவன் நான். என்னிடம் வந்து நூலின் டினியர் கணக்கைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

பிள்ளைகள் சொல்வதில் பாதி சரிதான். அதையும் சொல்லிவிடுகிறேன். தோளிலும் முழங்கையிலும் மூன்று தையல் ஓடுகிற இடத்தைப் பிரித்து, வீட்டு மெஷினில் சாதா நூல் போட்டு மூடினால், விழும்போது அங்கேதான் முதலில் வாய் பிளக்கும். ஐரோப்பாவில் 2020 முதல் இருக்கும் இ.என். 17092 தரத்தில் டபுள் ஏ என்றால் தோளும் முழங்கையும் 70 கி.மீ. வேகத்துக்குச் சமமான உரசலைத் தாங்க வேண்டும். டிரிபிள் ஏ என்றால் 120. சிங்கிள் ஏ வெறும் 45. 'சி' என்று போட்டிருந்தால் அது பேடைப் பிடித்து வைக்கிற உள்சட்டை மட்டும்தான், ரோட்டில் இழுபடுவதற்கு ஆகாது. பேடுக்குத் தனித் தரம்: லெவல் ஒன்று என்றால் அடி வாங்கி உள்ளே விடுகிற விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும், லெவல் இரண்டுக்கு 20. நம் நாட்டில் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 கட்டாயம். ஜாக்கெட்டுக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது என்பதால், எவன் என்ன லேபிளை ஒட்டினாலும் வாங்குகிறவர்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் சோதனை மெஷினில் வைப்பது துணியை. உங்கள் முழங்கை அந்தத் துணிக்குள் எந்த இடத்தில் இருக்கும் என்பது லேபிளில் வராது. மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஹைவேயில் விழுந்தவரின் வீட்டு ஆட்கள், கொஞ்ச நாள் போனதும் அந்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், தைத்துப் போட முடியுமா என்று. பேடை உருவிப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அதற்கு நாலு விரல் தள்ளித் துணி தேய்ந்து, லைனிங்கும் போய், ஓட்டை. விலை கொடுத்து வாங்கிய பேட் சும்மா கூடவே போய்விட்டு வந்திருக்கிறது.

இந்த முழங்கை விஷயத்தில்தான் என் இளமை முழுக்கப் போனது. கம்பெனியில் எங்களுக்குக் கட்டிங் மாஸ்டர் வாணியம்பாடிக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். ஒரே வார்த்தைதான்: "பிரி." தைத்து முடித்த கையை வாங்கி, இரண்டு விரலால் முழங்கை இடத்தைப் பிடித்து ஒரு திருகு திருகுவார். அந்த இடம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஓடினால், பிரி. தோலில் பிரித்துத் தைப்பது என்ன என்று தோலில் தைத்தவருக்குத்தான் தெரியும். பழைய ஊசித் துளை மூடாது. அதே துளையில் மறுபடி ஊசி இறங்க வேண்டும், கையால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி. துளை மாறினால் அந்தத் துண்டு குப்பைக்கு.

"சட்டை நிக்கறவனுக்கு. இது உக்காந்திருக்கறவனுக்கு, தம்பி" என்பார். இதைக் கேட்டால் சாதாரணமாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் தெரியும். சட்டையில் கை கீழே தொங்குகிறது. கைக்குழி நேராக இருந்தால் போதும். வண்டியில் இரண்டு கையும் முன்னால் நீண்டுவிடுகின்றன. முதுகு அகலமாகிறது. கை மேலே ஏறி மணிக்கட்டு வெளியே தெரிகிறது. காலர் பிடரியில் இழுக்கிறது. முன்பக்கம் துணி தாடைக்கடியில் மூட்டையாகக் கூடுகிறது. அதனால் கைக்குழியையே முன்னால் தள்ளி வெட்ட வேண்டும். கையை மேல்கை, கீழ்கை என்று இரண்டு துண்டாக, முழங்கையில் வளைவு வைத்து எடுக்க வேண்டும். முன்பக்கம் குட்டை, முதுகுப் பக்கம் நீளம். தோள்பட்டைக்குப் பின்னால் மடிப்பு விட்டு உள்ளே எலாஸ்டிக். அமெரிக்காவில் 1928-இல் ஷாட் கம்பெனி ஜிப் வைத்த மோட்டார்சைக்கிள் தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, அதைத் தைக்கிற எல்லோரும் இந்த வளைவோடுதான் மல்லுக்கட்டியிருப்பார்கள். சினிமாவில் பார்த்துவிட்டு ஃபேஷனுக்குத் தைக்கிற ஜாக்கெட்டில் இது எதுவும் இருக்காது. தோலும் அதில் 0.8 மி.மீ.தான். வண்டிக்கு என்றால் 1.1-க்குக் குறைந்து நான் தொட மாட்டேன், அதுவும் மாட்டுத் தோல். ஆட்டு நாப்பா தடவிப் பார்க்க நன்றாக இருக்கும்.

பாய் ஒரு சோதனை வைத்திருந்தார். இன்றும் என் கடையில் அதுதான். முழங்கை எலும்பில் மார்க்கிங் சாக்பீஸை நன்றாகத் தேய்க்க வேண்டும். ஜாக்கெட்டைப் போட்டு, பெஞ்சில் கால் இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து, ஹாண்டில்பார் உயரத்தில் ஒரு கம்பைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அப்படியும் இப்படியும் திரும்பிவிட்டுக் கழற்றி, ஜாக்கெட் கையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பினால் லைனிங்கில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பேட் பையின் நடு அந்தக் கோட்டின் மேல் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த லேபிளும் உங்களுக்கு உதவாது.

கஷ்டம் அதோடு முடியவில்லை. புல்லட்டில் உட்கார்ந்தால் கோடு ஓர் இடத்தில் விழுகிறது. குனிந்து ஓட்டுகிற வண்டியில் வேறு இடத்தில் விழுகிறது. வாரநாளில் ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை பெரிய வண்டி என்று இருப்பவருக்கு ஒரே ஜாக்கெட்டில் இரண்டு கோடு. இதற்குப் பாயிடமும் பதில் இல்லை. வேகமாகப் போகிற வண்டி எதுவோ அதற்கு வை என்பார், அவ்வளவுதான். நான் முன்கையில் ஒரு பட்டையும் வெல்க்ரோவும் வைத்து ஓரளவு சமாளிக்கிறேன்.

இன்னொன்று தொப்பை. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய அளவில் வரைந்த ஜாக்கெட் தோள் அகலமான ஆளுக்கானது. நம் ஆளுக்குத் தோள் சின்னது, வயிறு முன்னால். வயிற்றுக்கு ஜிப் ஏற வேண்டும் என்று எக்ஸ்எல் எடுத்தால் தோள் கீழே விழுந்து பேட் ஊஞ்சலாடுகிறது. தோளுக்குச் சரியான அளவை வாங்கி என்னிடம் வாருங்கள். விலாப்பக்கத் தையலைப் பிரித்து ஸ்ட்ரெச் துணியில் கஸெட் என்கிற இடைத்துண்டு வைத்துத் தருகிறேன். பாண்டட் நைலான் 69 நூல், 18 நம்பர் ஊசி, வாக்கிங் ஃபுட் மெஷின். உரசல் அதிகம் விழுகிற தோளையும் முழங்கையையும் நான் தொடுவதே இல்லை. இந்த விலாப்பக்க வேலையைத்தான் 'கை வைக்கக் கூடாது' என்கிறார்கள்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் புல்லட்டை இங்கேயே தயாரிக்க ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் வண்டி வந்தது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் வந்தது. இரண்டும் ஒரே மாநிலத்தில் இருந்தும், கத்திரி வெயிலில் போடுகிற மாதிரி ஒரு ஜாக்கெட்டை எத்தனையோ வருஷம் எவரும் வரைந்து பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு வெட்டிக்கொண்டே இருந்தோம். இப்போது வலைத்துணி ஜாக்கெட் உள்ளூரிலேயே வருகிறது, சந்தோஷம். வந்ததும் வாங்கியவர்கள் செய்கிற முதல் வேலை, புழுக்கமாக இருக்கிறதென்று பேடைக் கழற்றி வீட்டில் வைப்பது.

வெயிலுக்கு என்ன போடுவது என்று கேட்கிறவர்கள், ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களைப் போய்ப் பார்க்கலாம். மே மாதத்திலும் முழுக்கைச் சட்டை, பெண்கள் என்றால் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் நனைத்த துண்டு. சோகை அறுக்கும் என்பது ஒரு காரணம். வெறும் தோலில் வெயில் படக் கூடாது என்பது இன்னொன்று. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை வேகமாகப் போகப் போகக் குளிர்ச்சி. திண்டிவனம் ரோட்டில் மத்தியானம் 40 அடிக்கும்போது அதே காற்று சூட்டை உடம்புக்குள் தள்ளுகிறது. அப்போது உடம்பைக் காப்பது வியர்வை ஆவியாவது மட்டும்தான். டீ-ஷர்ட்டோடு போகிறவனுக்கு அது சட்டென்று காய்ந்துவிடுகிறது. அவன் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே வற்றிப்போகிறான். உள்ளே பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே வலைத்துணி ஜாக்கெட்டை முழுக்க மூடி, வெளிர் நிறமாக எடுத்து, விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒருமுறை மறுபடி நனைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம். கடல் பக்கம் போகப் போக ஈரக்காற்றில் இந்த வித்தை குறைவாகத்தான் வேலை செய்யும். கறுப்பு ஜாக்கெட் போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

குளிருக்கு அதே பருத்தி பனியன் எதிரி. வியர்த்து நனைந்தால் மலையில் காயாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். 10 டிகிரி குளிரில் 80 கி.மீ. வேகத்தில் போனால் வெறும் முகத்துக்கு 4 டிகிரி மாதிரி அடிக்கும். திருப்பூர் பாலியஸ்டர் ஜெர்சி ஒன்று உடம்போடு ஒட்டி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத ஒன்று, ஏற்காட்டுக்கு இது போதும். லே போகிறவர்கள் நடுவில் இன்னொன்று சேர்க்கலாம், ஆனால் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அந்தச் சாக்பீஸ் சோதனையைச் செய்த பிறகு. அடுக்கு கூடக் கூடப் பேட் நகர்கிறது. மார்கழியில் விடியற்காலை பால் கேனோடு போகிறவர் மங்கி குல்லா போட்டு, சட்டைக்குள் நெஞ்சில் தினசரித் தாள் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் 'விண்ட் லைனர்' என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மழைதான் எனக்கு ஆறாத ஆத்திரம். மூன்று லேயர் ஜாக்கெட் என்று விற்கிறார்களே, அதில் மழை லைனரை உள்ளே ஜிப் போட்டு வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் வெளித்துணி முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனக்கிறது, வெளிப்பையில் இருக்கும் போனும் ஆர்.சி. புக்கும் நனைகின்றன, நனைந்த துணியில் காற்று அடித்து உடம்பு நடுங்குகிறது. லைனரைப் போட நடுரோட்டில் ஜாக்கெட்டைக் கழற்ற வேறு வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயிலை நிறுத்தினார்கள். அந்த மாதிரி மழைக்கு எந்த ஜாக்கெட்டும் பதில் இல்லை, வண்டியை வீட்டில் வைக்க வேண்டும். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கு மேலே போடுகிற மழைக்கோட்டுதான் சரி. ஓர் அளவு பெரிசாக, ஜாக்கெட்டின் மேலேயே மாட்டுகிற மாதிரி. அதிலும் தையலைப் பாருங்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. உள்பக்கம் சூடு கொடுத்து டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் உரிந்த கோட்டுக்குச் செருப்புக் கம் தடவித் தருகிற கடைகள் வந்துவிட்டன. ஒரு மழை தாங்கும். அடுத்த வெயிலில் கம் விறைத்து, மடிப்பில் உடைந்து, துணியையும் சேர்த்துக் கிழிக்கும். அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்து, "பத்து நிமிஷ வேலைதானேண்ணே" என்பார்கள். கம்மைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போகிறது.

வருகிறவர்கள் ஜாக்கெட்டைத் துவைத்துக் கொண்டுவந்தால் நல்லது. பேடைக் கழற்றிவிட்டு, வெந்நீர் வேண்டாம், நிழலில் காய வைத்து. வியர்வை உப்பு ரன்னரை அரிக்கிறது, மெஷினில் வைத்தால் நாற்றம் நாள் முழுக்கப் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிட்டு ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் வர வேண்டாம். அவர்களுக்குத்தான் கம் கடை இருக்கிறது.