கடல் கடக்குமுன் தெருவைக் கடப்போம்!

"வெளிநாடு போகிறாயாமே!" - இதைக் கேட்காதவர் எங்கள் தெருவில் எவருமிலர். கேட்போர் முகத்திலே சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு மருட்சி, சிலருக்கோ, 'தறி நெய்பவன் மகளுக்கு இத்தனை துணிச்சலா!' என்ற திகைப்பு. ஆம், தோழர்களே! போகத்தான் போகிறேன். செப்டம்பர்த் திங்களின் இறுதியிலே புறப்பட்டு, ஜெர்மன் நாட்டுப் பல்கலைக் கழகமொன்றிலே ஓராண்டு படித்துத் திரும்பும் வாய்ப்பு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் எனக்குக் கிட்டியிருக்கிறது. நான் அங்கே செல்கிறேன். அங்கிருந்து ஒரு மாணவி எங்கள் கல்லூரிக்கு வருகிறாள். அதுதான் ஏற்பாடு.

திண்டுக்கல்லை அடுத்து, தறியோசை ஓயாத ஊர் எங்களுடையது. அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவிலே இப்போது ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. விமானத்திலே ஏற்றத்தக்க எடை 23 கிலோ. அம்மா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் வைக்கிறார். அப்பா, தாமே நெய்த சேலை ஒன்றை மடித்து வைத்திருக்கிறார். அப்பத்தா, யாரும் பாராத நேரம் பார்த்துத் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை ஓரத்திலே செருகியிருக்கிறார். நெய்ப் புட்டியை மட்டும் நானே வெளியில் எடுத்துவிட்டேன்; பால்பொருளையும் இறைச்சியையும் பயணிகள் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதியில்லை.

பெட்டியைவிடப் பெரிது, தாள்களின் கட்டு. கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், நோய்க் காப்புறுதி, விசா விண்ணப்பம்! ஓராண்டு வாழப் போதுமான பணம் உண்டு என்றும் மெய்ப்பிக்க வேண்டும். 2024 செப்டம்பரிலே அத்தொகை 11,904 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. நம் பணத்தில் பத்து இலட்சம் ரூபாய்க்கும் மேல். எங்கள் தறி இரவும் பகலும் ஓடினாலும் எட்டாத தொகை! உதவித்தொகைக் கடிதம் வந்து அந்தச் சுவரை இடித்தது.

இனி, பஞ்சாங்கம். திங்கட்கிழமை காலையிலே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். "ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் அம்மாடி, வேறு நாள் பார்" என்றார் அப்பத்தா. நான் சினக்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினேன். இங்கே காலை ஏழரை என்றால், அந்நாளில் ஃபிராங்க்பர்ட் நகரத்திலே விடியற்காலை நான்கு மணி. சூரியன் இன்னும் எழவில்லை. ஆகவே அங்கே ராகுவும் எழவில்லை. "நான் எந்த ஊர் ராகுவுக்கு அஞ்சட்டும், அப்பத்தா? விமானத்திலே பறக்கும்போது எந்த ஊர் ராகு என்னைத் தொடர்ந்து வரும்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பயணச் சீட்டின் நாள் மாறவில்லை.

அம்மாவின் அச்சம் வேறு வகை. அதைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பேசுவது அறமாகாது. "டிசம்பரிலே பகல் எட்டு மணி நேரந்தானாமே! அந்தக் குளிரில் காய்ச்சல் என்று படுத்தால் யார் கஞ்சி தருவார்?" இது மூடநம்பிக்கை அல்ல, அன்பு. அன்புக்கு விடை ஏளனமன்று, ஏற்பாடு. அங்கே உதவிக்கு அழைக்கும் எண் 112 என்பதையும், விடுதியின் முகவரியையும் நாட்காட்டியின் பின்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன். கைப்பேசியிலே முகம் பார்த்துப் பேச அம்மாவும் பழகிவிட்டார்.

கடல் கடப்பது பாவம் என்று ஓதப்பட்ட நாடு இது என்பதை இளைய தோழர்கள் மறந்திருக்கலாம். சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களின் வரிசையிலே கடற்பயணத்தைச் சேர்த்து வைத்தது பௌதாயன தர்மசூத்திரம். 1888இல் சட்டம் படிக்க இலண்டன் செல்ல முனைந்த காந்தியாரை, அவருடைய சாதிக் கூட்டம் பம்பாயிலே விலக்கி வைத்தது. கேம்பிரிட்ஜ் அழைத்தும் கணித மேதை இராமானுசன் தொடக்கத்திலே தயங்கியதற்கு வைதிகக் கட்டுப்பாடு ஒரு காரணம். 1914 மார்ச்சில்தான் சென்னையிலிருந்து கப்பலேறினார். பெண்ணுக்கோ கட்டு இரட்டிப்பு. கடற்செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியத்து நூற்பா ஒன்றுக்குப் பொருள் கூறுவோர் உண்டு. வேறு பொருள் கொள்வோரும் உண்டு. அந்தக் கட்டை மீறி, மருத்துவம் கற்க 1883இலே கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார் ஆனந்திபாய் ஜோஷி. 1886இல் பட்டமும் பெற்றார்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள்! 1860 அக்டோபரிலே 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அதிலே இருந்தனர். அந்தக் கப்பலை எந்தச் சாத்திரம் தடுத்தது? படிக்கச் செல்பவனுக்குத்தான் கடல் தீட்டு. பாடுபடச் செல்பவனுக்குத் தீட்டில்லை போலும்!

இன்று அந்தத் தடை உடைந்துவிட்டது. சாத்திரம் சொன்னவர் வீட்டுப் பிள்ளைகளே முதல் விமானத்தில் பறக்கின்றனர். ஆகவே கடல் கடப்பது இனி புரட்சியல்ல. அப்படியானால் பரிமாற்றத்தின் பயன் என்ன?

அதன் வரலாற்றைப் பார்ப்போம். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் தொடக்கம் 1925. முதல் உலகப் போர் ஓய்ந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம். போரில் மிஞ்சிய பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவரை நாடுவிட்டு நாடு அனுப்பும் ஃபுல்பிரைட் சட்டம், இரண்டாம் உலகப் போருக்கு மறு ஆண்டாகிய 1946இலே அமெரிக்காவில் பிறந்தது. 1870, 1914, 1939 என மூன்று முறை போரிலே மோதிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும், 1963 சனவரியில் எலிசே உடன்படிக்கை செய்தன. அதே ஆண்டிலே இரு நாட்டு இளைஞரையும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பிவைக்கத் தனி அமைப்பே கண்டன. தந்தையர் களத்திலே சந்தித்தனர். மக்கள் உணவு மேசையிலே சந்திக்கட்டும் என்பது அதன் கருத்து. பரிமாற்றம் பகையை மாற்றுவதற்கான கருவி!

எங்கள் மாமா அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். சென்ற வாரம் ஒரு தாளோடு வந்தார். ஜெர்மன் நகரங்களிலே வாழும் 'நம்மவர்' பதினொருவரின் பெயரும் எண்ணும்! 'நம்மவர்' என்றால் தமிழர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். "கண்டவரோடும் பழகாதே, இவர்களோடு மட்டும் இரு" என்றார். தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "பதினொருவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், மாமா. ஆனால் இந்தப் பட்டியலோடு போவதானால், நான் ஊரைவிட்டே போகவில்லை என்றுதானே பொருள்?" என்றேன்.

இப்படிப்பட்ட பட்டியல்கள் பல பெட்டிகளிலே பயணம் செய்கின்றன. 2023 பிப்ரவரியிலே அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம், சாதியின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டு நகரங்களில் இப்படியொரு சட்டம் அதுவே முதல். அமெரிக்க மண்ணிலே விளையாத நோய்க்கு அங்கே சட்டம் எதற்கு? சுமந்து சென்றோம், அதனால் தேவைப்பட்டது. எடைபார்க்கும் இயந்திரம் 23 கிலோவுக்கு மேற்பட்ட புளியைக் கண்டுபிடிக்கும். உள்ளத்திலே ஒளித்த சாதியைக் கண்டுபிடிக்காது!

இவ்வேளையிலேதான் கடிதமொன்று வந்தது. எங்கள் கல்லூரிக்கு வரவிருக்கும் ஜெர்மன் மாணவி எழுதியிருந்தாள்: 'பொங்கல் விழாவைப் பார்க்க ஆவல், உங்கள் வீட்டிலே ஒரு வாரம் தங்கலாமா?' வீடே பூரித்தது. வெள்ளையடிக்க நாள் குறித்தார் அப்பா. "என் கையாலே சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுப்பேன், அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும் அந்தப் பிள்ளை" என்றார் அப்பத்தா. அவள் என்ன சாதி, என்ன உண்பவள் - எவரும் கேட்கவில்லை. கேட்காதது நன்று! பண்பாடு என்பது அதுதான்.

ஆனால் எனக்கொரு தோழி உண்டு. எங்கள் ஊரின் தென்கோடியிலே, 'காலனி' என்று பெயர் மாற்றிக்கொண்டும் சேரியாகவே நிறுத்தப்பட்டிருக்கும் தெருவிலே பிறந்தவள். ஆறாம் வகுப்பு முதல் என்னோடு ஒரே பலகையிலே அமர்ந்து படித்தவள். இந்தப் பரிமாற்றத் திட்டத்தின் அறிவிப்பை முதலிலே கண்டு எனக்குச் சொன்னவளும் அவளே. அவள் வந்தால் திண்ணை வரை. தண்ணீர் கேட்டால் காகிதக் குவளை. தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அது நம் வீடுகளிலே காகிதத்தில் வாழ்கிறது!

"ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருபவள் அடுப்படிக்கு வரலாம், நானூறு அடிக்கு அப்பாலிருந்து வருபவள் வாசற்படியைத் தாண்டக்கூடாதா? நான் புறப்படுமுன் அவளுக்கு இந்த வீட்டிலே விருந்து. நம் தட்டிலே, நம் அடுப்படியிலே" என்றேன்.

வீடு வாயடைத்தது. "ஊர் என்ன சொல்லும்?" என்றார் அப்பத்தா. தறிக்குழியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். "இவள் தங்கப்போகும் விடுதியிலே சமையலறை ஒன்றுதானாம், பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே அடுப்பிலே சமைப்பார்களாம். அதற்குக் கையெழுத்துப் போட்டுத்தானே அனுப்புகிறோம்? அங்கே ஆகுமென்றால் இங்கே ஏன் ஆகாது?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சென்ற ஞாயிறன்று அவள் வந்தாள். உண்டாள். அப்பத்தா தலைவலி என்று பின்கட்டிலே படுத்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மையார் அன்று முதல் எங்கள் வீட்டுக் குழாயிலே தண்ணீர் பிடிக்க வருவதில்லை. மாமா இன்னும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை, "அந்தப் பிள்ளைக்குக் குழம்பு போதுமானதாக இருந்ததா?" என்று அப்பத்தா கேட்டார். தோழர்களே, அந்தக் கேள்வியை நான் சிறிதாக மதிக்கவில்லை. எழுபத்தெட்டு ஆண்டுச் சுவரிலே விழுந்த முதல் கீறல் அது.

அண்ணல் அம்பேத்கர் 1913இலே, பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் சென்று, கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலே கற்றார். பின்னர் இலண்டன். அங்கெல்லாம் அவருக்குக் கதவு திறந்தது. 1917இலே பரோடாவுக்குப் பணியேற்க வந்தார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றிலே இடம் பிடித்தார். சில நாட்களில் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. அவருடைய அந்நினைவுகள் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பிலே நூலாக வெளிவந்துள்ளன. நான் ஒரு விசாவுக்காகச் சில வாரங்கள் காத்திருந்தேன், கிடைத்தது. சொந்த நாட்டுத் தெருவுக்குள்ளே நுழைய விசா இல்லாத மக்கள் எத்தனை நூற்றாண்டாகக் காத்திருக்கின்றனர்!

அங்கே என்னிடம் கேள்விகள் கேட்பார்கள். அது புதிதல்ல, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் தமிழரிடம் கேள்வி கேட்டுப் பெற்ற விடைக் கடிதங்கள், ஜெர்மன் மொழியிலே பெயர்க்கப்பட்டு ஹாலே நகரிலே அச்சாயின. எனவே நானும் விடைகளை ஆயத்தம் செய்கிறேன். 1856இலேயே கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியிலே தந்தார் என்பதைப் பெருமையோடு சொல்வேன். "உங்கள் நாட்டிலே சாதி இன்னும் உண்டா?" என்று கேட்டால், "இல்லை" எனப் பூசி மெழுகமாட்டேன். "உண்டு, எதிர்க்கிறோம்" என்பேன். அப்படிச் சொல்லும் தகுதி பேச்சிலே வராது, செயலிலேதான் வரும்.

அங்கே கற்க வேண்டியதும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு போற்றக் கூடாததும் உண்டு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்திலே முகவரியைப் பதிய வேண்டும். அப்படிவத்திலே மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ஏனெனில் திருச்சபைக்கான வரியை அரசே தண்டித் தரும் நாடு அது. நான் அக்கட்டத்திலே 'இல்லை' என எழுதுவேன். சாதிக்கு அதிலே கட்டமே கிடையாது. நம் படிவத்திலே உண்டு. நோய் உள்ளவரை மருந்துச் சீட்டும் வேண்டுமல்லவா! கிழிக்க வேண்டியது சீட்டையன்று. தீர்க்க வேண்டியது நோயை.

இளந்தோழர்களே! உங்களிலே பலர் நாளை பெட்டி கட்டுவீர்கள். கட்டுங்கள், உலகம் உங்களுடையது. ஆனால் அயல்நாட்டிலிருந்து அழைப்பு வரும்வரை பரிமாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டுமா? ஊருக்கும் சேரிக்கும் இடையே எந்தத் தூதரகமும் இல்லை. கடவுச்சீட்டும் கட்டணமும் தேவையில்லை. ஒரு நாள் அங்கே சென்று உண்ணுங்கள். ஒரு நாள் இங்கே அழைத்து உண்பியுங்கள். வீட்டிலே முணுமுணுப்பு எழும்; எழட்டும். விடை சொல்லும் வாதம் உங்களிடம் உண்டு. போரிட்ட நாடுகளே பிள்ளைகளை மாற்றி அனுப்பிப் பகை தீர்த்தன. ஒரே ஊரின் இரண்டு தெருக்களால் இயலாதா?

இயலும். கடல் பெரிதுதான், ஆனால் அதைக் கடக்க விமானம் இருக்கிறது. தெருவைக் கடக்க நம் கால்கள்தாம் நடந்தாக வேண்டும். நடப்போம்!