சிவப்புச் சன்னலில் பன்னிரண்டு

சித்தப்பாவிடம் இருந்தது அக்ஃபா கிளிக் III. பரோடாவில் தயாரான கறுப்புப் பெட்டி. அதன் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புச் சன்னல். குமிழைத் திருகத் திருக, பிலிமின் பின்தாளில் அச்சிட்ட எண்கள் அங்கே வந்து நிற்கும். 12 வந்துவிட்டால் ரோலின் கடைசிப் படம். எழுபதுகளில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், மளிகைக் கடையின் பின்கட்டுதான் எங்கள் வீடு. புளி, கருப்பட்டி, மல்லி மணத்துக்கு நடுவே அந்தக் காமிராவின் தோலுறைக்கு மட்டும் தனி வாசம்.

பங்குனி ஆராட்டுக்குச் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பத்மநாபசுவாமி மேற்குக் கோட்டை வழியாகப் புறப்பட்டு, விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகிற நாள். விமானங்கள் நின்று வழிவிடும். கருட வாகனங்களுக்கு முன்னால் சித்திரைத் திருநாள் மகாராஜா உடைவாளேந்தி நடந்து வருவார். ஆனால் ஊர்வலம் புறப்படுவதே வெயில் சாயும் நேரத்தில்தான். அந்தக் காமிராவில் வெயில், மேகம் என்று இரண்டே வைப்பு. அந்தி வெளிச்சம் அதற்குப் போதாது. "தீவெட்டி ஏத்தினப்புறம் எடுக்க முடியாது மக்கா" என்று பெட்டியை உறைக்குள் போட்டுவிடுவார். சங்குமுகத்திலிருந்து தீவெட்டி ஒளியில் சாமி திரும்பிவரும் காட்சி எங்கள் ஆல்பத்தில் இல்லவே இல்லை.

ரோலைக் கழுவக் கொடுத்தால், ஸ்டூடியோ அண்ணன் பிரிண்ட் போடும்போது என்னை டார்க் ரூமுக்குள் விடுவார். பிலிம் கழுவுவதற்குக் கும்மிருட்டு வேண்டும், அதற்கு அனுமதியில்லை. புரோமைட் தாளுக்குச் சிவப்பு விளக்கு போதும். டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாளை அவர் மெல்ல அசைக்க, முதலில் தலைமுடி, பிறகு கண், கடைசியில் சட்டைக் கோடுகள் தெளியும். ஹைப்போவில் போட்ட பிறகுதான் அது நிலைக்கும் என்பார். வெள்ளி உப்பின் மேல் விழுந்த வெளிச்சம் செய்த வேலை அது என்று பிற்பாடு படித்தேன். படித்தபின்னும் வியப்பு குறையவில்லை.

இருந்தாலும் அந்த நாட்களை நான் கொண்டாடிப் பேசமாட்டேன். ரோலின் விலையும் கழுவும் கூலியும் சேர்ந்து, யார் படத்தில் இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தன. காதுகுத்துக்கு அப்பா, மாமா, புதுச்சட்டை போட்ட பையன்கள். "அசங்காம நில்லு மக்கா, மிச்சம் ரெண்டுதான் இருக்கு." அந்த இரண்டும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குப் போய்விடும். அடுக்களையில் நின்ற அத்தைக்குப் படமில்லை. நாள் முழுக்க மூட்டை சுமந்த கடை ஆட்களுக்கும் இல்லை. அத்தையின் முகத்தை என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே கிடையாது. பிலிமின் பொறுமையையும் ஒழுங்கையும் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சியவற்றையும் இந்த ஊர் விட்டுவைக்கவில்லை. இடவப்பாதி மழையும் துலா மழையும் ஓயாத கடற்கரை ஈரம். நெகட்டிவின் மேல்பூச்சு ஜெலட்டின். பூஞ்சைக்கு அது நல்ல தீனி. தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தவற்றில் கிளை கிளையாகப் பூத்திருந்தது. தப்பியவற்றை ஒளிப்பலகையில் பரப்பி, டிஜிட்டல் காமிராவால் ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். பூஞ்சை இனி மேயமுடியாத பிரதிகள் கிடைத்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்ததும் முகம் தெரிந்தது, எந்த மென்பொருளும் கேட்காமல். பிலிமுக்குரிய அந்தப் பெருமையை டிஜிட்டல் தொடவில்லை. ஹார்டு டிஸ்க் ஒன்று செத்தால், அதிலிருந்த கல்யாணம் முழுதும் போகிறது.

இப்போது ஆராட்டன்று தீவெட்டி வெளிச்சத்தில் ஒரு செல்போன் எடுக்கும் படத்தைப் பார்த்தால் சித்தப்பா பூரித்துப்போவார். நான் சாலைக் கடைத்தெருவில் டிஜிட்டலில்தான் எடுக்கிறேன். கூலிக்காரர்கள், பூக்கட்டும் அம்மைமார், யாரையும் விடாமல், மிச்சம் பார்க்காமல். எடுத்ததைத் தாளில் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.