ஒரு மணிமாலைக்கு என்ன விலை?

பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படிக்கிற எனக்கு, 'விலை' என்ற சொல்லுக்கு ஒண்ணரைப் பக்கம் விளக்கம் எழுதத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வகுப்புத் தோழி ஒருத்தி என் கழுத்தில் கிடந்த பாசிமணி மாலையைப் பார்த்து "இது எவ்ளோடி? எனக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. ஏதோ ஒரு நம்பர் சொல்லணுமே என்று "நூறு ரூபா" என்றேன். அவள் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததும்தான் எனக்கு சந்தேகமே வந்தது.

மாலை கோக்கிற பழக்கம் லாக்டவுனில் பொழுது போகாமல் ஆரம்பித்தது. கீழவாசல் பக்கம் போனால் கண்ணாடி மணி, பெரிய மணி, கியர் ஒயர், கொக்கி, வளையம் எல்லாம் கிடைக்கும். டிசைன் நான் போடுவேன். கோக்கிறது பெரும்பாலும் அம்மா. எனக்குப் பொறுமை கிடையாது. குட்டி மணியில் ஓட்டை சரியில்லாததைப் பொறுக்கித் தள்ளி, அளவு பார்த்துக் கோப்பது அம்மாவுக்கு நெல்லில் கல் பொறுக்குவது மாதிரி. ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், அம்மா கை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

பன்னிரண்டு மாலை சேர்ந்ததும் டவுனில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. பீசுக்கு 90 போட்டுக்கறேன்."

"அண்ணே, மணியே அம்பது ரூபாய்க்கு வாங்கியிருக்கேன்..."

"அதான் நாப்பது லாபம் வருதே!"

நாற்பது லாபம்! வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பன்னிரண்டு மாலைக்கு 480 ரூபாய், மோசமில்லை. அம்மாவிடம் சொன்னேன். "குடுத்துட்டு வாயேண்டி, டிவி பாத்துக்கிட்டே கோத்ததுதானே, இதுக்குப் போய் என்ன கூலி?" என்றாள்.

அந்த "என்ன கூலி" தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் வீட்டில் இதே பேச்சு வேறு ரூபத்தில் எப்போதும் ஓடும். அப்பாவுக்கு அம்மாபேட்டை பக்கம் கொஞ்சம் நிலம், குறுவையும் சம்பாவும். அறுவடை முடிந்தால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்க வேண்டும். 2025-26 பருவத்துக்கு சாதாரண ரகம் குவிண்டாலுக்கு மத்திய அரசு விலை 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. சன்ன ரகம் 2,545. நாற்பது கிலோ மூட்டை என்றால் சாதாரண ரகத்துக்குச் சரியாக ஆயிரம் ரூபாய்.

அந்த 2,369 எங்கிருந்து வந்தது என்று வகுப்புக்காகப் படித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. செலவைக் கணக்கிட மூன்று விதம் வைத்திருக்கிறார்கள். விதை, உரம், டீசல், ஆள் கூலி என்று கையிலிருந்து போன செலவு 'ஏ2'. அதோடு வீட்டு ஆட்கள் சும்மா செய்கிற வேலைக்கும் ஒரு கூலி போட்டுச் சேர்த்தால் 'ஏ2+எஃப்எல்'. சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி என்று அதையும் சேர்த்தால் 'சி2'. 2025-26க்கு நெல்லின் ஏ2+எஃப்எல் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று போட்டு, அதில் ஒண்ணரை மடங்கு வைத்துத்தான் 2,369. சி2-வில் ஒண்ணரை மடங்கு வேண்டும் என்பதுதான் விவசாய சங்கங்கள் கேட்பது. செலவுக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் என்று பரிந்துரைத்த தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கு (2004-2006) தலைவராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதன் நம்ம கும்பகோணத்தில் பிறந்தவர்.

எஃப்எல் என்றால் குடும்ப உழைப்பு. டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள்கூட "வீட்டுப் பொம்பளை வயலில் நின்ற நேரத்துக்கு ஒரு கூலி உண்டு" என்று ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு நோட்டில் அந்தப் பத்தி கிடையாது. என் மாலைக் கணக்கிலும் கிடையாது!

சரி, மாலைக்கும் அதையே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

குட்டி மணி 22 ரூபாய், பெரிய மணி 14, ஒயர் 6, கொக்கியும் வளையமும் 5, கவர் 3. ஆக 50. இது ஏ2. அடுத்தது நேரம். இரண்டு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு மாலைக்கு அம்மாவுக்கு ஒண்ணரை மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரம். மணிக்கு என்ன கூலி வைப்பது? 2024-25ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் ஏறக்குறைய 40. இரண்டரை மணி நேரத்துக்கு 100. ஏ2+எஃப்எல் 150. அதில் ஒண்ணரை மடங்கு 225.

இப்போது அந்தக் கடைக்காரரின் 90-ஐத் திருப்பிப் பாருங்கள். நாற்பது ரூபாய் லாபமே இல்லை. இரண்டு பேர் இரண்டரை மணி நேரம் செய்த வேலைக்கான கூலி அது. மணிக்கு 16 ரூபாய். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு வாடகை, கரண்ட், விற்காமல் கிடக்கிற சரக்கு எல்லாம் இருக்கிறது. ஏமாற்றியது நான்தான், அதுவும் அம்மாவை. தோழியிடம் நூறு ரூபாய் என்று சொன்ன அன்றைக்கே.

இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை போன இடம். அங்கே இருக்கிற கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது என்று தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நூலகத்தில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அசந்துவிட்டேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஸ்டாக் ரெஜிஸ்டர் அது! முத்து என்று ஒரே வார்த்தையில் விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கரடு, சப்பத்தி என்று ரகம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டிருக்கிறார்கள் (இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி). கோத்த சரடையும் வைத்த அரக்கையும்கூட விடாமல் எடையில் சேர்த்துச் சொல்லி, இன்ன நகை இத்தனை காசு பெறும் என்று முடிக்கிறார்கள். நான் ஒயருக்கு 6 ரூபாய் எழுதியபோது 'இதெல்லாமா எழுதுவாங்க' என்று கூச்சப்பட்டேன். ராஜராஜனே நூலைக் கணக்கில் எழுதியிருக்கும்போது எனக்கென்ன கூச்சம் :-)

அதைவிட என்னைப் பிடித்தது வேறு ஒன்று. அதே கோயிலில் வேலை செய்தவர்களின் நீண்ட பட்டியல் ஒன்றும் கல்லில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், இசைக்காரர்கள், தையற்காரர், தச்சர், தட்டார்... அதில் இரத்தினத் தையான் என்று ஒருவர். மணிகளைக் கோத்துத் தைக்கிறவர்! அவருக்கும் பங்கு உண்டு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல். மணி கோத்த கைக்கு இந்த மண்ணில் நெல்லாகவே கூலி அளந்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். "அவருக்கு ராஜா அளந்தாரு. எனக்கு யாருடி அளப்பா?"

கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. காலேஜ் விழாவில் ஒரு மேஜை கிடைத்தது. 225 என்று அட்டை எழுதி வைத்தேன். "ஆன்லைன்ல 99க்கு இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. அது மெஷினில் செய்தது என்று ஆரம்பித்து நான் லெக்சர் அடித்ததில் இரண்டு பேர் ஓடியே போய்விட்டார்கள். பேசாமல் மாலையைக் கையில் கொடுத்தபோதுதான் வாங்கினார்கள். சாயங்காலம் வரை ஏழு போனது, ஐந்து மிச்சம்.

1,575 ரூபாய். பன்னிரண்டு மாலைக்கும் போட்ட பொருள் செலவு 600 போக 975. அம்மாவின் 18 மணி நேரத்துக்கு 720 எடுத்து வைத்தேன். எனக்கு 255. என் 12 மணி நேரத்துக்கு மணிக்கு 21 ரூபாய்தான் தேறியது. பெரிய வெற்றிக் கதை என்றெல்லாம் இல்லை. ஆனால் மிச்சம் ஐந்து மாலை டப்பாவில் இருக்கிறது. அடுத்த மாதமும் அதே மினுக்கோடு இருக்கும்.

இங்கேதான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். எனக்கு 90 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் என் தைரியம் இல்லை, மணி முளைக்காது என்பதுதான். 2025 அக்டோபர் மழையில் கொள்முதலுக்குக் காத்துக்கிடந்த குறுவை நெல் டெல்டாவில் எத்தனை இடத்தில் முளைவிட்டது! ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தள்ளிவிடுவார்கள். காத்திருக்க முடியாதவன் விலை சொல்ல முடியாது. எந்தப் பாடப்புத்தகத்தையும் விட எங்கள் வீட்டு மாலையும் மூட்டையும் இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தன.

720 ரூபாயை அம்மாவிடம் கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றாள். "பெத்த பொண்ணுகிட்ட கூலி வாங்குறதா?" என்று கோபம்கூட வந்தது. கணக்கு நோட்டைக் காட்டினேன். 'அம்மா - 18 மணி' என்று எழுதியிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பணத்தை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

போன வாரம் அப்பா சம்பா கணக்கு எழுத நோட்டைப் பிரித்தார். உழவு, நாற்று, உரம், மருந்து என்று எழுதிக்கொண்டே போனார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது.

"ஏங்க, நான் களை பறிச்ச நாளையும் ஒரு ஓரமா எழுதி வைங்களேன்."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன்.