ஒரு சொல்லும் ஒரு சிற்றீயும்



படித்தவள் என்று பிறர் நம்மை மதிக்கும்போது, நம் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எடை கூடிவிடுகிறது. அந்த எடையை உணராமல் நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் கடந்தும் அது என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1992ஆம் ஆண்டு. என் கணவரின் பணி நிமித்தமாகப் பீகார் மாநிலம் முசாபர்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தை ஒட்டிக் குடியிருந்தோம். எங்களுடையது செங்கல் வீடு. பின்புறத்தில் வீட்டுக்காரர்களின் மண்சுவர் வீடு; அதை ஒட்டியே மாட்டுத் தொழுவம். அவ்வீட்டு மூதாட்டியை நான் பெரியம்மா என்று அழைப்பேன். என் அரைகுறை உருதுவைக் கேட்டுச் சிரித்தாலும், கடிதம் படிப்பது முதல் மருந்து வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் அவர் என்னிடமே யோசனை கேட்பார்.

நோன்புப் பெருநாள் நெருங்கிய நேரம். டி.டி.டி. மருந்து தெளிக்கும் பணியாளர்கள் வந்து வாசலில் நின்றனர். "மகளே, உள்ளே விடலாமா?" என்று பெரியம்மா கேட்டார். பெருநாளுக்காகச் சுவர்களை மெழுகி இரண்டு நாட்களே ஆகியிருந்தன. அடுப்படியில் அரிசியும் மாவும் இருந்தன. "நெடி பிள்ளைகளுக்கு ஆகாது, வெளிச்சுவரோடு போகட்டும்" என்றேன். அவரும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார். கோடையில் அவர்கள் மீண்டும் வந்தபோதும் அதே பதில்தான்.

மழைக்காலம் கழிந்தபின் பெரியம்மாவின் எட்டு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்று எண்ணி மாத்திரை கொடுத்தோம். காய்ச்சல் தணிவதும் திரும்புவதுமாக வாரங்கள் ஓடின. கை கால்கள் மெலிந்தன, வயிறு மட்டும் இடப்பக்கம் புடைத்தது, முகம் கறுத்தது. நகரத்து மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருப்பதைக் காட்டினார். "காலா அஸார்" என்றார். காலா என்றால் கறுப்பு. அஸார் என்றால் பிணி. உரிய சிகிச்சை பெறாவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் கொல்லும் நோய் அது. அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் 77,000க்கும் மேற்பட்டோரை அது பீடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்கிறது அரசின் கணக்கு.

இந்நோயை மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுமந்து செல்வது எது தெரியுமா? மணல் ஈ என்னும் சிறு பூச்சி. கொசுவில் மூன்றிலொரு பங்குதான் இருக்கும். பறக்கும்போது ரீங்காரம் எழாது. தத்தித் தத்தியே செல்லும். கொசுவைப்போல் இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சாணமும் மக்கிய குப்பையும் கலந்த ஈரமண்ணே இதன் பிறப்பிடம். பகலில் மண்சுவர் வெடிப்புகளில் பதுங்கும். இரவில் பெண் ஈ வெளிவந்து இரத்தம் குடிக்கும். நோயாளியைக் கடித்த ஈயின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்ந்து, பின்னர் அது கடிக்கும் அடுத்தவர் உடலில் புகுந்துவிடுகிறது.

அந்த ஒட்டுண்ணியை 1903இல் கண்டறிந்து அறிவித்தவர்கள் இருவர். ஒருவர் லீஷ்மன், மற்றவர் நம் சென்னையில் பணியாற்றிய மருத்துவர் டோனவன். லீஷ்மேனியா டோனவானி என்று இருவர் பெயரையும் சேர்த்தே அதற்குப் பெயரிட்டனர். அதைப் பரப்புவது மணல் ஈதான் என்பது 1942இல் ஐயமின்றி நிறுவப்பட்டது.

குடித்த இரத்தத்தின் பாரத்தோடு அந்த ஈ சுவரில்தான் அமரும். அச்சுவரில் மருந்து படிந்திருந்தால் மடியும். உட்சுவரை மறைத்தாலோ, மருந்து தெளித்த சுவரின்மீது மண் மெழுகினாலோ அத்தனை உழைப்பும் வீண். எந்த அறையின் கதவை அடைக்கச் சொன்னேனோ, அந்த அறையில்தான் அச்சிறுவன் உறங்கினான்.

ஏறக்குறைய ஒரு மாதம் நாள்தோறும் ஊசி போட வேண்டியிருந்தது. கறவை மாட்டை விற்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான். பெரியம்மா என்னைக் குறைகூறவில்லை. "நீ நல்லதற்குத்தானே சொன்னாய்" என்றார். அதுதான் என்னைச் சுட்டது. அவனைக் கடித்த ஈ எந்தச் சுவரில் பதுங்கியிருந்தது என்பதை இறைவனே அறிவான். ஆயினும், அறியாத ஒன்றைப் பற்றி அறிந்தவள்போல் நான் பேசியது உண்மை.

மறு ஆண்டு பணியாளர்கள் வந்தபோது பெரியம்மாவே பானை சட்டிகளை முற்றத்துக்கு எடுத்து வைத்தார். தொழுவத்தையும் திறந்துவிட்டார். அண்டை வீடுகளுக்கும் சென்று சொன்னார். அவ்வாண்டுப் பெருநாள் மெழுகாத சுவர்களோடு வந்தது. எனக்கு அதைவிட அழகான பெருநாள் நினைவில் இல்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. டி.டி.டி.க்குப் பதிலாக வேறு மருந்து தெளிக்கப்படுகிறது. ஒரே நாளில் நரம்பு வழியே மருந்தேற்றிக் குணப்படுத்துகிறார்கள். இந்தியாவும் நேபாளமும் வங்கதேசமும் 2005இல் கைகோத்து, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக இந்நோயைக் கட்டுப்படுத்த உறுதி பூண்டன. 2023இல் வங்கதேசம் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் நம் நாட்டின் பாதிக்கப்பட்ட வட்டாரங்களும் அந்த இலக்கை எட்டின.

எனினும் கண்ணயரலாகாது. மலேரியாவுக்காக 1950களில் தெளித்த மருந்தால் இந்நோய் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. தெளிப்பதை நிறுத்தினார்கள்; 1970களில் அது மீண்டும் தலைதூக்கியது. குணமானவர் சிலரின் தோலில் பின்னாளில் தோன்றும் திட்டுக்களிலும் ஒட்டுண்ணி தங்கியிருக்கும். அவர்களைக் கடிக்கும் ஈ மீண்டும் நோயைச் சுமக்கும்.

சகோதரிகளே! நம் வீட்டு வாசலுக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் வருகிறார். தண்ணீர்த் தொட்டியைக் காட்டச் சொல்கிறார். "எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம்தான்" என்று கதவைச் சாத்துமுன் ஒரு கணம் நில்லுங்கள். அண்டை வீட்டார் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பதிலே அவர்களின் பதிலாகவும் ஆகிவிடக்கூடும்.